மரத்துப்போன காலும் மலைப்பாதையும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்குகிற மலைப்பாதையில் மாரப்பன் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறார். அத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் வந்த ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவராகச் சொல்லிக்கொள்ள மாட்டார். கண்டக்டர் ரஞ்சித்குமார்தான் டீக்கடைக்கு டீக்கடை சொல்லிக்கொண்டு திரிவான். "எங்கண்ணனுக்குக் கால்லயும் ஒரு மூளை இருக்குது" என்பான். கொண்டையூசி வளைவு வருவதற்கு முன்பே மாரப்பனின் வலது கால் பிரேக்கின்மேல் போய் உட்கார்ந்திருக்கும். எதிரே டூரிஸ்ட் வேன் திடீரென்று முளைத்தாலும் சரி, குரங்குக் கூட்டம் நடுரோட்டில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, வண்டி குலுங்காது. கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன்கூட விழமாட்டான்.

பஸ் அவருடையதல்ல. தருமபுரியில் இரண்டு பஸ் வைத்திருக்கும் மாதவராஜ்தான் முதலாளி. தருமபுரிக்கும் ஒகேனக்கலுக்கும் ஒரு நாளைக்கு மூன்று நடை. பென்னாகரத்தை ஒட்டிய ஊரில் மாரப்பனுக்கு ஒரு வீடும், மழையை நம்பி இரண்டு ஏக்கர் நிலமும் உண்டு. கேழ்வரகும் துவரையும் விதைப்பது முதல் களத்துக்கு வருவது வரை மனைவி கண்ணம்மாள் பொறுப்பு. ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ஓட்டம், சாப்பாடு, தூக்கம் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஐம்பத்திரண்டாவது வயதில் நோய் வந்தது.

முதலில் வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டது. நாளெல்லாம் சூடான இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் மூலம் வரும் என்பது டிரைவர்களுக்குள் பழைய பேச்சு. மாரப்பனும் அப்படித்தான் நினைத்தார். சின்ன வெங்காயத்தையும் மோரையும் நம்பி ஆறு மாதத்தைத் தள்ளிவிட்டார். இடுப்பில் வேட்டி நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகு கண்ணம்மாள் விடவில்லை. அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயே அவரைப் பயணியாக உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பெருங்குடலில் கட்டி. வைகாசியில் அறுத்து எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அழிப்பதற்கு எட்டு ரவுண்டு மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு ரவுண்டு. முதல் நாள் ஊசி வழியாக மருந்து இறங்கும். பிறகு பதினாலு நாள் மாத்திரை. மிச்சம் ஒரு வாரம் ஓய்வு.

மருந்து ஏற்றும் வார்டில் அனிஷா என்றொரு நர்ஸ். கடத்தூர்ப் பெண். முதல் நாளே பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள். ஜில்லென்று எதையும் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது. கை கால் மரத்துப்போகலாம், உள்ளங்கை தோல் உரியலாம், வாய் புண்ணாகலாம். சட்டைப் பட்டன் போடத் தடுமாறினாலும், செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். மாரப்பன் தலையாட்டினார். ஆனால் அவர் காதில் விழுந்தது எட்டு என்கிற கணக்கு ஒன்றுதான். எட்டை முடித்தால் வண்டியில் ஏறலாம்.

அன்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தவர், முகம் கழுவத் தொட்டித் தண்ணீரில் கையை விட்டார். கரண்ட் கம்பியைத் தொட்டதுபோல விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஏறியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, பானைத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். யாரோ தொண்டையைப் பிடித்து நெரித்ததுபோல இருந்தது. மூச்சு வருகிறதா இல்லையா என்றே தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணம்மாள் ஓடிவந்து வெந்நீரைக் கொடுத்த பிறகுதான் தொண்டை இளகியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குளிர்ந்த பொருள் என்று எதுவும் இருக்கக் கூடாதென்று ஆயிற்று. எவர்சில்வர் டம்ளரையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துவைத்தாள். கதவுத் தாழ்ப்பாளில் பழந்துணியைச் சுற்றினாள். ஆடிக்காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போகிற நாட்கள் அவை. ஜன்னலைச் சாத்திவைத்தாள். மோரையும் சூடு பண்ணினாள். அது திரிந்துபோய் நின்றது. அதையும் மாரப்பன் குடித்தார்.

இரண்டு ரவுண்டு இப்படிப் போனது. மூன்றாவதில் நாக்கு செத்தது. களியும் கீரைக் குழம்பும் என்றால் உயிரை விடுகிறவர், ஒரு வாய் வைத்துவிட்டு இரும்பு நட்டைச் சப்புகிறதுபோல இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிட்டார். உள்ளங்கை சிவந்து, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல்போல உரிய ஆரம்பித்தது. பாதத்திலும் அப்படியே. நடந்தால், சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நிற்கிற எரிச்சல். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பீடி பிடிக்கிற தூரம்தான். அதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். மூன்றரை மணிக்கு அவருடைய பஸ் அந்த ஸ்டாப்பில் நிற்கும்போது உள்ளேயே இருந்துகொள்வார். சத்தம் மட்டும் கேட்கும். புது டிரைவர் கியரைத் தாமதமாக மாற்றுகிறான் என்று படுத்தபடியே கண்டுகொள்வார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். நாக்கும் தோலும் மருந்து முடிந்தால் திரும்பிவிடும். அவரை உள்ளுக்குள் அரித்தது கால்தான். முதல் ரவுண்டுகளில் ஒரு வாரம் மரத்துப்போய், பிறகு தானாகத் தெளிந்தது. நான்காவது ரவுண்டுக்குப் பிறகு தெளியவில்லை. விரல்களில் ஆரம்பித்து முன்பாதம் முழுக்கப் பஞ்சு அடைத்ததுபோல ஆனது. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பியவர், ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது என்பதை வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் அனிஷா காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பாள். வாந்தி இருக்கிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா, கை கால் மரத்துப்போகிறதா. மரத்துப்போகிறதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் மாரப்பன் ஒரே பதிலைச் சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். நல்லாத்தான் இருக்கறன்."

அதற்கு இரண்டு காரணம் வைத்திருந்தார். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பிவிடும் என்பது ஒன்று. மற்றது வெளியில் சொல்ல முடியாதது. கால் மரத்துப்போனது என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒருமுறை எழுதிவிட்டால், அந்த எழுத்து அவர் லைசென்ஸைத் தின்றுவிடும் என்று பயந்தார். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் மதலேனம்மாளும் ஒன்றும் சொல்வதில்லை. அறுபத்தைந்து வயது. எப்போதும் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தம்மாவே தாங்கும்போது நமக்கென்ன என்று மாரப்பன் நினைத்துக்கொள்வார்.

ஐந்தாவது ரவுண்டு முடிந்த இரண்டாம் வாரம் ஆயுத பூஜை. டிரைவர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. ஷெட்டில் இரண்டு பஸ்ஸையும் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். முதலாளி மாதவராஜ் ஆளனுப்பி மாரப்பனை வரவழைத்திருந்தார். சாமி கும்பிட்டு முடிந்ததும் சாவியைத் தட்டில் வைத்து அவரிடமே நீட்டினார். எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றி நகர்த்துவது இருபத்தாறு வருஷமாக மாரப்பன்தான், இந்த வருஷமும் அவர்தான் என்றார்.

பத்தடி தூரம். முதல் கியர். மாரப்பன் ஏறி உட்கார்ந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில் கண் கலங்கியது. இன்ஜினைப் போட்டார். ரஞ்சித்குமார் குனிந்து இடதுபக்கச் சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து கையசைத்தான். வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கியது. மாரப்பன் பிரேக்கை மிதித்தார்.

வண்டி நிற்கவில்லை. உறுமிக்கொண்டு பாய்ந்தது. இன்னும் அழுத்தினார். இன்னும் வேகமாகப் போனது. பூஜை மேசை சரிந்து பூசணிக்காய் உருண்டது, ஜனங்கள் இருபக்கமும் சிதறினார்கள். மாரப்பன் தலையைக் குனிந்து கீழே பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, கால் பிரேக்கின்மேல் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்துக் காலைத் தூக்கி மாற்றிவைத்து மிதிப்பதற்குள் பம்பர் ஷெட்டுத் தூணில் முட்டியது. ரஞ்சித்குமார் தாவி விழுந்ததில் முழங்கால் தேய்ந்திருந்தது. ஒரு நொடி தாமதித்துத் தாவியிருந்தால் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் அவன் இருந்திருப்பான்.

யாரும் மாரப்பனைக் குறைசொல்லவில்லை. மருந்து ஏற்றின உடம்பு, மயக்கம் வந்திருக்கும் என்று கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைத்தார்கள். தூண் கிடக்கிறது, பூசிக்கொள்ளலாம் என்றார் மாதவராஜ். ரஞ்சித்குமார் முட்டியில் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, சோடா வேண்டுமா என்று கேட்டவன், ஜில்லென்று குடிக்கக் கூடாதென்று நினைவு வந்து டீ வாங்க ஓடினான். தேய்ந்த முழங்காலோடு அவன் ஓடியதைப் பார்த்த மாரப்பன், டீக்குக் காத்திராமல் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், கண்ணம்மாள் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தபோது சொன்னார்.

"கால் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல புள்ள. மயக்கமெல்லாம் வரல. ஒரு மாசமாவே கால் என்னுது இல்ல."

கண்ணம்மாள் நிமிரவில்லை. அவளுக்குத் தெரியும். ஒற்றைச் செருப்போடு வந்த அன்றே பார்த்துவிட்டாள். சட்டைப் பட்டனை அவர் திரும்பி நின்றுகொண்டு போடுவதையும் பார்த்திருந்தாள். கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று பயந்து அவளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. நடுவுல அந்தப் பையன் உசுரு போயிருக்குமுங்க" என்றாள்.

ஆறாவது ரவுண்டு நாளன்று அனிஷா காகிதத்தை எடுப்பதற்கு முன்பே மாரப்பன் பேச ஆரம்பித்தார். செருப்பிலிருந்து தூண் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். இத்தனை நாள் பொய் சொன்னதையும், ஏன் சொன்னார் என்பதையும் சொன்னார். அனிஷா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் ஒரு கருவியைத் தட்டி அதிரவைத்து அவர் கால் பெருவிரலில் வைத்தார். கண்ணை மூடியிருந்த மாரப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கணுக்காலில் வைத்தபோது மங்கலாக ஏதோ தெரிந்தது.

மூன்றாவது ரவுண்டிலேயே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் டாக்டர். திட்டவில்லை. இனி ஊசி மருந்து வேண்டாம், மாத்திரை மட்டும் கடைசிவரை தொடரட்டும் என்று முடிவு செய்தார். மாரப்பன் கையைக் கூப்பிக்கொண்டு, அப்படியென்றால் நோய் திரும்பிவிடுமே என்று கேட்டார்.

"ஊசி மருந்து அது செய்ய வேண்டிய வேலையில பெரும்பங்கைச் செஞ்சிடுச்சு. மாத்திரையும் ஓடுது. நோயைத் துரத்துறதோட என் வேலை முடியலைங்க. அதுக்கப்புறம் நீங்க எழுந்து நடந்து பொழப்பைப் பாக்கணும், அதுவும் சேர்த்துத்தான் வைத்தியம்" என்றார் டாக்டர்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மதலேனம்மாள் முதல்முறையாகச் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். உதடும் நாக்கும் உட்கன்னமும் வெள்ளை வெள்ளையாகப் புண். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் பத்து நாளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இறங்குவதில்லை என்றாள். உயிரைக் காப்பாற்றுகிறவர்களிடம் போய்க் குறை சொல்வதா என்றுதான் இருந்தாளாம். அன்றே அவளுக்கு வாய் கொப்பளிக்கும் மருந்தும், புண்மேல் தடவும் களிம்பும் கிடைத்தன. அடுத்த முறை பார்த்தபோது, ரசம் சாதம் சாப்பிட்டேன் தம்பி என்று சொல்லிச் சிரித்தாள். மாரப்பன் அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

ஊசியை நிறுத்தினால் கால் தெளிந்துவிடும் என்று மாரப்பன் நினைத்திருந்தார். நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டேதான் போகும், பிறகுதான் இறங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அது உண்மையாயிற்று. மார்கழிக் குளிரில் மரப்பு குதிகால் வரை ஏறியது. ஒருநாள் காலையில் கண்ணம்மாள் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தத் துளிகளைப் பார்த்துவிட்டு அலறியடித்து ஓடிவந்தாள். மாரப்பன் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதத்தில் வேலமுள் ஒன்று பாதிவரை ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

முள்ளைப் பிடுங்கி மஞ்சள் வைக்கப்போனவளைத் தடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னவர் மாரப்பன்தான். அங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். வெறுங்காலோடு நடக்கவே கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஒற்றைக்காலில் நின்று பழக வேண்டும், வாளியில் கேழ்வரகைக் கொட்டி அதற்குள் விரல்களை விட்டுத் துழாவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

மாரப்பன் அதைத் தொழில்போல எடுத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு முதல் நடைக்குக் கிளம்புகிறவர் மாதிரி குளித்துத் தயாராகி வாளியின் முன்னால் உட்காருவார். சாயங்காலம் கண்ணம்மாளின் முறை. அவர் கண்ணை மூடிக்கொள்ள, பாதத்துக்கு அடியில் எதையாவது வைத்துவிட்டு என்னவென்று கேட்பாள். முதல் நாள் அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அவரைக்கொட்டை என்றார்.

"நான் இன்னும் ஒண்ணுமே வைக்கலீங்க" என்றாள் கண்ணம்மாள்.

இருவரும் சிரித்தார்கள். ஆடிக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

தை போய் மாசி வந்தது. மாத்திரை முடிந்து, நாக்கு திரும்பி, கையில் புதுத்தோல் வந்துவிட்டது. எடுத்த படங்களிலும் ரத்தப் பரிசோதனையிலும் நோய்க்கான தடயம் இல்லை. கால் மட்டும் மெதுவாக வந்தது. பங்குனியில் ஒருநாள் புளியங்கொட்டைக்கும் அவரைக்கொட்டைக்கும் வித்தியாசம் சொன்னார். சித்திரையில் வைக்கோல் தாள். ஆனியில், கண்ணம்மாள் தன் சேலையிலிருந்து ஒரு நூலை உருவி அவர் பெருவிரலுக்கு அடியில் இழுத்தாள். மாரப்பன் கண்ணைத் திறக்காமல், "நூலு" என்றார். அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கால் விஷயம் முழுதும் தெரிந்திருந்த ரஞ்சித்குமார், பிரேக் மிதித்துப் பழக ஒரு எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆள் ஏறி நின்று எடை பார்க்கிற, முள் ஓடுகிற பழைய மிஷின். அதைச் சுவரோரமாகச் சாய்த்து ஆணியடித்து, முன்னால் நாற்காலியைப் போட்டார்கள். மிதித்தால் முள் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கிலோ மிதிக்க வேண்டும், எட்டு கிலோ மிதிக்க வேண்டும். போகப்போக மாரப்பன் கிலோக் கணக்கை விட்டுவிட்டு வளைவுக் கணக்குக்கு வந்தார். எந்த வளைவுக்கு எவ்வளவு அழுத்தம், வண்டி நிறைந்திருந்தால் எவ்வளவு, காலியாக இருந்தால் எவ்வளவு என்று அவர் சொல்ல, கண்ணம்மாள் மனப்பாடம் செய்துகொண்டாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், கோயில் வளைவு, பாறை வளைவு, எதுக்கால லாரி வருது என்று வரிசை மாற்றிச் சொல்லுவாள். முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பாள். தப்பினால், மலையில இருந்து உருட்டிட்டீங்க, மறுபடி மிதிங்க என்பாள். ஆவணி முடிவதற்குள் அவளால் அவரை ஒருமுறைகூட உருட்ட முடியாமல் போயிற்று.

புரட்டாசியில் டாக்டர் மறுபடியும் அதிர்வுக் கருவியை வைத்துப் பார்த்தார். பெருவிரல் சொன்னது. சுண்டுவிரல்கள் மட்டும் பேசவில்லை. அவை இனிப் பேசாமலேகூடப் போகலாம் என்றார். கண்ணை மூடவைத்து விரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று இருபது தடவை கேட்டார். இருபதும் சரி. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழோடு மாரப்பன் மாதவராஜிடம் போனார். வேலை கேட்டுப் போனவர், தானாகவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"உடனே ஜனங்களை ஏத்த மாட்டங்க. மணல் மூட்டையை ஏத்திக்கிட்டுப் பத்து நாள் ஓட்டறன். ரஞ்சித்து முன்னாடி உக்காந்து என் கண்ணை மட்டும் பாக்கட்டும். ஒருவாட்டி நான் காலைக் குனிஞ்சு பாத்தாலும் அவன் சொல்லட்டும், நானே எறங்கிடறன்."

காகிதத்தைப் பார்த்துவிட்டு வேலை கொடுப்பவர்கள் உண்டு, டிரைவரே தனக்குப் பரீட்சை வைத்துக்கொள்வதை மாதவராஜ் பார்த்ததில்லை. சரியென்றார். விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும் நேரத்தில் பத்து நாளும் மணல் மூட்டைப் பயணம் நடந்தது. ரஞ்சித்குமார் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தான். ஒருமுறைகூட மாரப்பனின் பார்வை கீழே இறங்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் மலைப்பாதையைக் கேட்கவில்லை. ஐப்பசியில் முதலாளியின் இன்னொரு பஸ்ஸைக் கடத்தூர் ரூட்டில், சமதள ரோட்டில் ஓட்டினார். முதல் நாள் கண்ணம்மாள் டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கடத்தூர் போய், இறங்காமலே திரும்பி வந்தாள்.

காக்கிப் பேண்டுக்குக் கீழே தடித்த காலுறை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டும் டிரைவரை ஸ்டாண்டில் கிண்டல் செய்தார்கள். மார்கழிக் காலையில் இன்னும் கைவிரல்களில் முள் குத்துவதுபோல இருந்தது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டார். வாரவிடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று மருந்து ஏற்றும் வார்டுக்குப் போய் வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். அனிஷாதான் கூப்பிட்டாள். புதிதாக வந்து மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டி, நாங்க சொன்னா தலையாட்டறாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க என்றாள். மாரப்பன் அவர்களிடம் நோயைப் பற்றிப் பேசமாட்டார். பஸ்ஸைப் பற்றித்தான் பேசுவார்.

"எறங்கற எடத்தைச் சொன்னாத்தானுங்க டிரைவர் நிறுத்துவான். உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா வண்டி போய்க்கிட்டேதான் இருக்கும். மரத்துப்போனாலும் சொல்லுங்க, சோறு எறங்கலன்னாலும் சொல்லுங்க. நான் சொல்லாம இருந்து ஒருத்தன் உயிரை எடுக்கப் பாத்தன்."

தை பிறந்தது. காணும் பொங்கலுக்கு ஒகேனக்கலில் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தை இறக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்று மாதவராஜ் கேட்டபோது, மாரப்பன் இந்த முறை தயங்கவில்லை. பென்னாகரத்தில் வண்டி நிறைந்தது. படிக்கட்டுவரை ஆட்கள். மடியில் தூங்குகிற குழந்தைகள், தூக்குப் பாத்திரங்கள், கரும்புக் கட்டு. காட்டு முகப்பைத் தாண்டி ரோடு இறங்க ஆரம்பித்ததும் மாரப்பன் கியரைக் குறைத்தார். கால் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. ரப்பரின் வரிகள்கூடக் காலுறை வழியாக அவருக்குத் தெரிந்தன.

பாறை வளைவைத் திரும்பியபோது நடுரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் விழுந்து கிடந்தது. அந்த நொடியில்தான் சறுக்கியிருக்க வேண்டும். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், புருஷன் வண்டிக்கு அடியில் காலை உருவிக்கொண்டிருந்தான். இடதுபக்கம் பள்ளம், வலதுபக்கம் பாறை. ஒதுங்க இடமில்லை. ஓங்கி மிதித்தால் இறக்கத்தில் வண்டி வழுக்கும், நிற்பவர்கள் எல்லாரும் முன்னால் வந்து விழுவார்கள். மெல்ல மிதித்தால் நிற்காது. மாரப்பன் மிதித்தார், ஒரு மயிரிழை விட்டார், மறுபடி மிதித்தார். அறுபது பேரோடு இறங்கிக்கொண்டிருந்த பஸ், அந்தப் பெண்ணுக்கு எட்டடி முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது.

கம்பியில் தொங்கியவர்கள் லேசாக முன்னால் சாய்ந்து பழைய இடத்துக்கு வந்தார்கள். கரும்புக் கட்டு சரியவில்லை. இரண்டாவது சீட்டில் தூங்கிய குழந்தை விழிக்கவில்லை. ஏன் நிற்கிறது என்று பின்பக்கத்திலிருந்து யாரோ அலுத்துக்கொண்டார்கள்.

ரஞ்சித்குமார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். பிறகு இறங்கி ஓடி, மோட்டார் சைக்கிளைத் தூக்கி ஓரமாக நிறுத்திக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தான். பெரிய அடி ஒன்றுமில்லை. திரும்பி ஏறியவன் விசில் அடிக்காமல் மாரப்பன் பக்கத்திலேயே நின்றான்.

"அண்ணா, நீங்க கீழ பாக்கல" என்றான்.

"ரோட்டைப் பாக்காம கீழ எதுக்குடா பாக்கறது? விசிலை அடி."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் பாறை வளைவு முதல் ஆற்றங்கரை வரை மாரப்பனின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்த முன்சீட்டுக் கிழவர் ஒருவர், என்னப்பா டிரைவரு, வூட்டுல ஏதாவது விசேஷமா என்று கேட்டார். ஆமாங்க, பெரிய விசேஷந்தான் என்றார் மாரப்பன்.

ஒகேனக்கலில் ஜனங்கள் இறங்கி அருவிப்பக்கம் போனார்கள். மாரப்பன் கண்ணம்மாளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். எத்தனை கிலோ மிதித்தீர்கள் என்றுதான் அவள் முதலில் கேட்டாள். அவர் சொன்னார். அந்த வளைவுக்கு, நிறைந்த வண்டிக்கு, அது சரிதான் என்று அவள் ஒத்துக்கொண்டாள். வரும்போது மீன் வாங்கி வரச்சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றச்சொல்லிச் சாப்பிட்டார் மாரப்பன். ஒன்று பத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும். அதற்குள் திரும்புகிற கூட்டம் ஈரத்துணியும் எண்ணெய்த் தலையுமாக ஏறி இடம்பிடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சித்குமார் தருமபுரி, தருமபுரி என்று கூவிக்கொண்டிருந்தான். மாரப்பன் கையைக் கழுவி, கையுறையை மாட்டிக்கொண்டு சீட்டில் ஏறினார்.